நான்கு முறை அழிந்த மடம்: பெனடிக்ட் துறவிகளின் கூட்டு வாழ்வு

இத்தாலியில் ரோமுக்கும் நாப்போலிக்கும் இடையில் கசினோ என்ற சிறு நகரம் இருக்கிறது. அதன் மேலே, ஏறத்தாழ 520 மீற்றர் உயரத்தில், மொன்டே கசினோ என்ற துறவிமடம் நிற்கிறது. கி.பி. 529ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்டதாகக் கருதப்படும் இந்த மடம் நான்கு முறை அழிந்திருக்கிறது. 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லொம்பார்டியர்கள் அதைச் சூறையாடினார்கள். 883இல் சரசேனியப் படைகள் எரித்தன. 1349இல் பூகம்பம் இடித்தது. 1944 பெப்ரவரி 15ஆம் திகதி நேசநாடுகளின் விமானங்கள் குண்டு வீசித் தரைமட்டமாக்கின.

நான்கு முறையும் துறவிகள் திரும்பி வந்தார்கள். முதல் தடவை திரும்ப ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது. இரண்டாவது தடவை ஆறு தசாப்தங்களுக்கு மேல். வெளியேறியவர்களில் ஒருவர்கூட உயிரோடு திரும்பியிருக்க முடியாத அளவுக்கு நீண்ட காலம் அது. ஆனாலும் திரும்பி வந்தவர்கள் தங்களை அதே மடத்தின் ஆட்களாகவே கருதினார்கள்.

இதற்குத் திருச்சபையின் செல்வமும் செல்வாக்கும் ஒரு காரணம். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் செல்வமும் செல்வாக்கும் இருந்த எத்தனையோ அரண்மனைகள் ஒரே ஒரு யுத்தத்தோடு மறைந்துபோயின. கட்டடம் போன பிறகும் ஒரு சமூகம் சமூகமாகவே இருப்பதற்கு வேறு ஏதோ ஒன்று தேவைப்படுகிறது. பெனடிக்ட் சபைத் துறவிகளைப் பொறுத்தவரை, அது அவர்கள் நாளாந்தம் சேர்ந்து வாழும் முறையில் இருக்கிறது.

யுத்தத்தின் நடுவே எழுதப்பட்ட ஒழுங்கு

தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்று அழைக்கும் புனித பெனடிக்ட், 480ஆம் ஆண்டளவில் இத்தாலியின் நோர்சியாவில் பிறந்தவர். படிப்பதற்காக ரோமுக்குப் போனார். அங்கிருந்த வாழ்க்கை பிடிக்காமல் வெளியேறி, சுபியாக்கோ என்ற இடத்தில் ஒரு குகையில் தனியாக வாழ்ந்தார். பின்னர் அவரைத் தேடி வந்தவர்களுக்காகச் சிறு மடங்களை அமைத்தார். இறுதியில் மொன்டே கசினோவுக்கு வந்து அங்கேயே இறந்தார்.

அவர் வாழ்ந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். மேற்கு உரோமப் பேரரசு அவர் பிறப்பதற்குச் சற்று முன்னர்தான் வீழ்ந்திருந்தது. 535இல் கொன்ஸ்தாந்திநோபிளின் பேரரசன் ஜஸ்டீனியனின் படைகளுக்கும் இத்தாலியை ஆண்ட கோத்தியர்களுக்கும் இடையில் யுத்தம் தொடங்கியது. அது இருபது ஆண்டுகளுக்குக் கிட்ட நீடித்தது. நகரங்கள் முற்றுகையிடப்பட்டன. பஞ்சம் வந்தது. ரோம் நகரம் பல தடவை கைமாறியது. எந்த அரசு நாளை இருக்கும் என்று எவருக்கும் தெரியாத அந்தக் காலத்தில்தான் பெனடிக்ட் தனது துறவிகளுக்கு ஒரு கையேட்டை எழுதினார். முகவுரையும் 73 சிறு அத்தியாயங்களும் கொண்ட அந்த நூல் ‘பெனடிக்டின் ஒழுங்கு’ என்று அறியப்படுகிறது.

அதில் பெரிய தத்துவ விசாரணை இல்லை. எத்தனை மணிக்கு எழும்புவது, யார் சமைப்பது, நோயாளியை எப்படிப் பார்ப்பது, சண்டை வந்தால் என்ன செய்வது என்பவைதான் பெரும்பாலும் இருக்கின்றன. வெளியுலகம் சிதறிக்கொண்டிருந்தபோது, ஒரு வீட்டுக்குள் இருக்கும் ஆட்கள் எப்படி மனிதராக வாழ்வது என்பதே அந்த நூலின் கவலை.

வாக்குக் கொடுப்பது எதற்கு?

கத்தோலிக்கத் துறவிகள் என்றதும் வறுமை, கற்பு, கீழ்ப்படிவு என்ற மூன்று வாக்குகள் நினைவுக்கு வரும். பெனடிக்ட் துறவிகளின் வாக்கு சற்று வேறானது. நிலைத்திருத்தல், துறவு வாழ்வுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டே இருத்தல், கீழ்ப்படிவு ஆகியவையே அவை. உடைமை துறப்பதும் மணம் துறப்பதும் இரண்டாவதற்குள் அடங்கிவிடுகின்றன.

இவற்றில் தனித்துவமானது நிலைத்திருத்தல். ஒரு பெனடிக்ட் துறவி பொதுவாக உலகளாவிய ஒரு சபையில் மட்டும் சேர்வதில்லை. ஒரு குறிப்பிட்ட மடத்தில், அங்கே இருக்கும் குறிப்பிட்ட மனிதர்களோடு சாகும்வரை வாழ்வதாக வாக்களிக்கிறார். பிடிக்காத ஒருவர் பக்கத்தில் இருந்தால், வேறு மடம் தேடிப் போவது தீர்வல்ல.

சேர்வதும் இலகு அல்ல. வந்து கதவைத் தட்டுபவரை உடனே உள்ளே விடக்கூடாது, சில நாட்கள் காத்திருக்க விட வேண்டும் என்கிறது ஒழுங்கு. பிறகு ஓராண்டு பயிற்சி. அந்த ஆண்டுக்குள் மூன்று தடவை முழு ஒழுங்கும் அவருக்கு வாசித்துக் காட்டப்படும். ஒவ்வொரு தடவையும், விரும்பினால் போகலாம் என்று சொல்லப்படும். இறுதியில் வாக்கைத் தன் கையால் எழுதிப் பீடத்தின்மேல் வைப்பார். அவர் கழற்றிய பழைய உடையை மடம் எறிந்துவிடாது. ஒருநாள் அவர் வெளியேற நேர்ந்தால் கொடுப்பதற்காக அதைப் பத்திரமாக வைத்திருக்கும். போனவர் திருந்தி வந்தால், மூன்று தடவை வரை மீண்டும் ஏற்கலாம்.

ஒரு நாளின் வடிவம்

பெனடிக்ட் மடத்தின் நாள் செபத்தால் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. பகலில் ஏழு வேளை, இரவில் ஒரு வேளை என்று ஒழுங்கு வகுத்தது. விவிலியத்தில் உள்ள 150 திருப்பாடல்களும் ஒரு கிழமைக்குள் பாடி முடிக்கப்பட வேண்டும். இன்று பல மடங்கள் இந்த எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டுள்ளன. ஆனாலும் விடியுமுன் தொடங்கி இரவு மௌனத்தோடு முடியும் அடிப்படை வடிவம் மாறவில்லை.

இந்தத் திருப்பாடல்கள் எல்லாம் மகிழ்ச்சிப் பாடல்கள் அல்ல. நாடு கடத்தப்பட்டவர்களின் அழுகை, எதிரிமீதான கோபம், கடவுள் எங்கே போனார் என்ற கேள்வி எல்லாம் அவற்றில் உண்டு. அன்றைய தினம் மனம் எப்படி இருந்தாலும் அந்தத் துறவி எல்லாவற்றையும் பாட வேண்டும். துக்கமில்லாத நாளில் துக்கப் பாடலைப் பாடும்போது அது வேறொருவருக்காகப் பாடப்படுகிறது. துக்கத்தில் வாய் திறக்க முடியாதவருக்காகப் பக்கத்தில் நிற்பவர் பாடுகிறார். இரண்டு அணிகளாக எதிரெதிரே நின்று, ஒரு வரியை ஒரு பக்கமும் அடுத்ததை மறு பக்கமும் மாறிமாறிப் பாடுவது பழைய வழக்கம்.

செபத்துக்கு இடையில் வேலையும் வாசிப்பும். சும்மா இருப்பது ஆன்மாவைக் கெடுக்கும் என்பது பெனடிக்டின் கருத்து. வயல் வேலை, சமையல், கைத்தொழில், நூல்களைப் பிரதியெடுத்தல் எதுவும் தாழ்ந்ததல்ல. மண்வெட்டியையும் பாத்திரத்தையும் பீடத்தில் இருக்கும் புனித பாத்திரங்களைப் போலவே பார்க்க வேண்டும் என்று பண்டகசாலைப் பொறுப்பாளருக்கு அவர் அறிவுறுத்துகிறார். சமையலறைப் பணி முறைவைத்து வரும். சாப்பிடும்போது ஒருவர் வாசிக்க மற்றவர்கள் மௌனமாகக் கேட்பார்கள். சமைத்த கறி இரண்டு வகை இருக்க வேண்டும், ஒன்றைச் சாப்பிட முடியாதவர் மற்றதைச் சாப்பிடலாம் என்கிறது ஒழுங்கு. கடுந்தவம் எல்லாருக்கும் ஏலாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சேர்ந்து வாழ்வதில் உள்ள கரைச்சல்

ஒரே கூரையின் கீழ் பல வருடங்கள் வாழ்பவர்களுக்கு இடையில் பகை வரும். முகாமிலோ நலன்புரி நிலையத்திலோ வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெனடிக்டும் இதை மறைக்கவில்லை. காலையும் மாலையும் ‘பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே’ செபத்தை மடத்தலைவர் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. மன்னிப்பைப் பற்றிய பகுதி எல்லார் காதிலும் விழுந்து, நாளாந்தம் முளைக்கும் மனக்கசப்புகள் களையப்பட வேண்டும் என்பதே அதற்கு அவர் சொன்ன காரணம். சண்டை பிடித்தவர்கள் பொழுது சாயுமுன் சமாதானமாக வேண்டும் என்றும் எழுதினார்.

தவறு செய்து சமூகத்திலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டவருக்கும் ஒரு வழி இருக்கிறது. தண்டனை கொடுத்த மடத்தலைவரே, முதிர்ந்த துறவிகள் ஒருசிலரை அவரிடம் சத்தமில்லாமல் அனுப்ப வேண்டும். அவர்கள் போய் ஆறுதல் சொல்வார்கள். தண்டனையோடு ஆறுதலும் போக வேண்டும் என்பதில் ஒழுங்கு உறுதியாக இருக்கிறது.

மடத்தில் யார் மூத்தவர்? வயதோ குலமோ படிப்போ அதைத் தீர்மானிப்பதில்லை. மடத்துக்கு வந்து சேர்ந்த நேரம்தான் தீர்மானிக்கும். காலையில் வந்த அடிமை, மதியம் வந்த பிரபுவுக்கு மூத்தவர். அடிமை முறை சட்டமாக இருந்த காலத்தில் எழுதப்பட்ட விதி இது. பந்தியில் யார் எங்கே இருப்பது என்பது இன்றும் சாதியை வைத்துப் பார்க்கப்படும் ஊர்களில் வளர்ந்த நமக்கு இதன் கனம் புரியும்.

முக்கியமான முடிவு எடுக்கும்போது மடத்தலைவர் எல்லாரையும் கூட்டிக் கேட்க வேண்டும். இளையவர்களையும் கட்டாயம் கேட்க வேண்டும், ஏனென்றால் நல்ல யோசனையைக் கடவுள் இளையவர் வாயிலும் வைக்கலாம் என்கிறார் பெனடிக்ட். வெளியூரிலிருந்து வந்து தங்கும் துறவி ஏதாவது குறை சொன்னால், அதைச் சொல்வதற்காகவே அவர் அனுப்பப்பட்டிருக்கலாம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வாசலுக்கு வரும் எவரையும், குறிப்பாக ஏழைகளையும் வழிப்போக்கர்களையும், கிறிஸ்துவே வந்ததுபோல வரவேற்க வேண்டும்.

எழுதியபடி எல்லாம் நடந்ததா? இல்லை. மத்திய காலத்தில் மொன்டே கசினோ பெரும் நிலப்பிரபுவாக இருந்தது. விவசாயிகளின் உழைப்பில்தான் அதன் மாளிகைகள் எழுந்தன. கீழ்ப்படிவும் மூடிய சுவர்களும் குற்றத்துக்கு மறைவிடமாகவும் ஆகலாம். இங்கிலாந்தில் பெனடிக்ட் மடங்களோடு இணைந்த அம்பிள்போர்த், டவுன்சைட் பாடசாலைகளில் பல தசாப்தங்களாகச் சிறுவர்கள் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு ஆளானதை, அங்கு நடந்த சுயாதீன பொது விசாரணை 2018இல் அறிக்கையாக வெளியிட்டது. நல்ல ஒழுங்கு ஒன்று எழுத்தில் இருப்பது மட்டும் எவரையும் காப்பாற்றுவதில்லை. கேள்வி கேட்பவரின் குரலுக்கு இடம் இருக்கிறதா என்பதைத்தான் எந்தச் சமூகத்திலும் முதலில் பார்க்க வேண்டும்.

காணிக்குச் சாட்சி சொன்னவர்கள்

883இல் மடம் எரிந்தபோது தப்பியவர்கள் தெயானோவுக்கும் பின்னர் கபுவாவுக்கும் இடம்பெயர்ந்தார்கள். 10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அலிகேர்னோ என்ற மடத்தலைவரின் காலத்தில்தான் மலைக்குத் திரும்ப முடிந்தது. திரும்பியதும் காணிப் பிரச்சினை வந்தது. இடைப்பட்ட காலத்தில் அயலில் இருந்த பிரபுக்கள் மடத்தின் காணிகளுக்கு உரிமை கோரினார்கள்.

960ஆம் ஆண்டு கபுவா நகரில் ஒரு வழக்கு நடந்தது. சாட்சிகள் ஒவ்வொருவராக வந்து, எல்லை காட்டும் ஆவணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, இந்தக் காணிகள் முப்பது வருடங்கள் புனித பெனடிக்டின் மடத்துக்குச் சொந்தமாக ஆளப்பட்டன என்று சத்தியம் செய்தார்கள். நீதிமன்றத்தின் மொழி இலத்தீன். ஆனால் அந்தச் சாட்சியத்தை எழுதுநர் மக்கள் பேசிய மொழியிலேயே பதிந்தார். இத்தாலிய மொழியில் எழுதப்பட்ட மிகப் பழைய ஆவணங்களில் ஒன்றாக அது இன்று பாடசாலைகளில் படிப்பிக்கப்படுகிறது.

இதை வாசிக்கும்போது வலிகாமமும் கேப்பாப்புலவும் நினைவுக்கு வருவது தவிர்க்க முடியாதது. உறுதி தொலைந்த குடும்பங்கள், எல்லை வேலி தெரியாத காணிகள், கிராமத்து முதியவரின் ஞாபகம் மட்டுமே ஆதாரமாக நிற்கும் நிலை. யுத்தத்தால் உரிமையைக் கோர முடியாமற்போனவர்களின் காணியை வேறொருவர் நீண்டகால ஆட்சியைக் காட்டிச் சொந்தமாக்குவதைத் தடுக்க, இலங்கையில் 2016இல்தான் தனிச் சட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரும் திரும்பி வந்தவர்களின் முதல் வேலை ஆவணமும் சாட்சியும் சேகரிப்பதாகவே இருந்திருக்கிறது.

1944 பெப்ரவரி 15

இரண்டாம் உலக யுத்தத்தில் ரோமை நோக்கி முன்னேறிய நேசநாட்டுப் படைகளை ஜேர்மனியர்கள் கசினோவில் மறித்தார்கள். மடம் அந்தப் பாதுகாப்பு அரணின் நடுவில் அகப்பட்டது. 1943இன் இறுதி மாதங்களிலேயே, யூலியஸ் ஷ்லேகல், மக்சிமிலியன் பெக்கர் என்ற இரண்டு ஜேர்மன் அதிகாரிகளின் முயற்சியால், மடத்தின் நூலகமும் சுவடிகளும் லொறிகளில் ஏற்றப்பட்டன. அந்தச் சுவடிகள் ரோமில் கையளிக்கப்பட்டுத் தப்பின. மடத்தலைவர் கிரெகோரியோ தியமாரே அப்போது எண்பது வயதை நெருங்கியிருந்தார். அவரும் சில துறவிகளும் மடத்திலேயே தங்கினார்கள். அவர்களோடு, அயற்கிராமங்களிலிருந்து ஓடிவந்த நூற்றுக்கணக்கான மக்களும் மடத்தின் தடித்த சுவர்களை நம்பி உள்ளே இருந்தார்கள்.

மடத்தை ஜேர்மனியர்கள் அவதான நிலையமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று நேசநாட்டுத் தளபதிகள் சிலர் நம்பினார்கள். பெப்ரவரி 14 அன்று துண்டுப்பிரசுரங்கள் வீசப்பட்டன. மறுநாள் காலை 200க்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் 1,100 தொன்னுக்கும் அதிகமான குண்டுகளைப் போட்டன. உள்ளே தஞ்சமடைந்திருந்த மக்களில் ஏறத்தாழ 230 பேர் கொல்லப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. மடத்துக்குள் ஜேர்மன் படையினர் இருக்கவில்லை. அமெரிக்க இராணுவத்தின் அதிகாரபூர்வ வரலாறே 1969இல் இதை ஏற்றுக்கொண்டது. குண்டுவீச்சுக்குப் பின்னர்தான் ஜேர்மன் பரசூட் படையினர் இடிபாடுகளுக்குள் புகுந்து அவற்றைத் தங்கள் அரணாக்கிக்கொண்டார்கள். சண்டை மே 18 வரை நீடித்தது. மலையில் ஏறத் தாக்கியவர்களில் பிரித்தானியரின் 4ஆவது இந்தியப் படைப்பிரிவும் ஒன்று. கசினோ யுத்த மயானத்தில் இந்தியச் சிப்பாய்களின் நினைவிடம் இன்றும் இருக்கிறது.

நவாலியையும் மடுவையும் அறிந்த வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பெப்ரவரி 17 விடியற்காலையில் தியமாரே மரச்சிலுவை ஒன்றின் பின்னால் எஞ்சியவர்களை அழைத்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கினார். பின்னர் அவருடைய வாக்குமூலத்தை ஜேர்மன் பிரசாரம் தனக்காகப் பயன்படுத்திக்கொண்டது. கார்லோமன்னோ பெல்லகல்லி என்ற வயதான துறவி மட்டும் மடத்துக்குத் திரும்பிப் போனார். இடிபாடுகளுக்குள் நடமாடிய அவரைப் பார்த்த படையினர் பேய் என்று நினைத்தார்கள். ஏப்ரல் 3ஆம் திகதிக்குப் பிறகு அவரை எவரும் காணவில்லை.

இருந்த இடத்தில், இருந்தபடி

யுத்தம் முடிந்ததும் இடிபாடுகளை அப்படியே நினைவுச்சின்னமாக விடுவதா, புதிதாக ஒன்றைக் கட்டுவதா என்ற கேள்வி எழுந்தது. தியமாரேக்குப் பின் வந்த மடத்தலைவர் இல்தெபொன்சோ ரேயா, இருந்த இடத்தில், இருந்தபடி என்ற கொள்கையைத் தெரிவு செய்தார். பழைய வரைபடங்களை வைத்து மடம் திரும்பக் கட்டப்பட்டது. 1964 ஒக்டோபர் 24 அன்று பாப்பரசர் 6ஆம் பவுல் ஆலயத்தை மீண்டும் அர்ச்சித்து, பெனடிக்டை ஐரோப்பாவின் பாதுகாவலராக அறிவித்தார். வெட்டினாலும் துளிர்க்கும் மரம்தான் மடத்தின் சின்னம்.

எல்லாம் திரும்பவில்லை. லூக்கா ஜோர்தானோவின் சுவரோவியங்கள் போனவை போனவைதான். மலையடிவார மக்களின் காயங்களுக்கு இப்படியொரு அர்ச்சிப்பு விழாவும் நடக்கவில்லை. முன்னரண் உடைந்த 1944 மே மாதத்தில், அப்பகுதிப் பெண்கள் பெருந்தொகையாக நேசநாட்டுத் தரப்பின் பிரெஞ்சுக் காலனிப் படையினரால் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். வென்ற தரப்பின் குற்றம் என்பதால் அது நீண்டகாலம் மெல்லிய குரலிலேயே பேசப்பட்டது. கல்லைத் திரும்ப அடுக்குவது இலகுவான பகுதி என்பதை மொன்டே கசினோவும் காட்டுகிறது.

நம் பக்கத்தில்

பெனடிக்ட் மரபு நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. அதன் கிளைகளில் ஒன்றான சில்வெஸ்திரீனோ துறவிகள் 1845இல் இலங்கைக்கு வந்தார்கள். அவர்கள் 1854இல் தொடங்கியதுதான் கண்டி புனித அந்தோனியார் கல்லூரி. முத்தையா முரளிதரன் படித்த பாடசாலை என்றால் பலருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் குளித்தலைக்கு அருகே காவிரிக்கரையில், 1950இல் இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான ஆன்றி லெ சோ பெனடிக்ட் துறவி. காவி உடுத்தி, ஆரத்தி எடுத்து, பெனடிக்டின் ஒழுங்கை இந்தியத் துறவு மரபோடு இணைக்கப் பார்த்த இடம் அது.

யாழ்ப்பாணத்தின் தோலகட்டி ஆசிரமம் பெனடிக்ட் சபையைச் சேர்ந்ததல்ல. தோமஸ் அடிகளார் 1928இல் தொடங்கிய செபமாலைத் தாசர் சபையினுடையது. ஆனால் செபம், மௌனம், சொந்த உழைப்பு என்ற அதே அடிப்படைதான். அங்கு தயாரான நெல்லி ரசம் பல வீடுகளுக்கும் பழக்கமானது. வலிகாமம் வடக்கின் இடம்பெயர்வு அந்த ஆசிரமத்தையும் விட்டுவைக்கவில்லை.

மீள்குடியேறிய நமது ஊர்களில் கோயில்களும் தேவாலயங்களும் முன்பைவிடப் பெரிதாக எழும்புகின்றன. வெளிநாட்டுக் காசு வருகிறது, கோபுரம் உயர்கிறது. தவறில்லை. ஆனால் மொன்டே கசினோவின் துறவிகள் இடம்பெயர்ந்திருந்த காலங்களில் அவர்களிடம் கோபுரம் இருக்கவில்லை. சேர்ந்து பாடும் வேளை இருந்தது. ஒரே மேசை இருந்தது. சண்டை தீர்க்க ஒரு வழியும், இளையவரையும் கேட்கும் கூட்டமும், வாசலில் நிற்பவரை உள்ளே அழைக்கும் கடமையும் இருந்தன. நமது சனசமூக நிலையங்களும் ஆலய நிர்வாக சபைகளும் மாதர் சங்கங்களும் அடுத்த கூட்டத்தை நடத்தும்போது, யார் மேசைக்கு அழைக்கப்படவில்லை என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பதற்கு நன்கொடை எதுவும் தேவையில்லை.